விபத்தே நடக்காத ஒரு வருடம்

1

போன வாரம் அம்மா கூப்பிட்டபோது, எனக்குச் சிங்கப்பூர் அரசாங்கம் விருது கொடுத்திருப்பதாக எங்கள் ஊர் ஆவூர் முழுக்கப் பேச்சு என்றார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவர்களிடமெல்லாம் அந்தப் பேச்சைத் தொடங்கி வைத்தவரே அவர்தான் என்பதை அவர் சொல்லவில்லை. தங்கை தனியாகச் சொன்னாள்.

அதனால் முதலில் சில திருத்தங்கள். விருது கொடுத்தது அரசாங்கம் இல்லை. நிறுவனங்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்டிருக்கும் ஒரு சங்கம். கிடைத்தது எனக்கு இல்லை. நான் வேலை பார்க்கும் பட்டறைக்கு. பெரிய கட்டடங்களுக்குள் குளிர்காற்று போவதற்கான தகரக் குழாய்களைச் செய்யும் இடம் அது. அங்கே நான் பாதுகாப்பு அலுவலருக்கு உதவியாளர். அலுவலர் மூன்று பட்டறைகளுக்கும் ஒருவரே என்பதால் எங்கள் பட்டறையில் பெரும்பாலும் நானே அலுவலர். பதவியின் பெயர் மட்டும் உதவியாளர். பள்ளிக்கூடச் சிலேட்டு அளவில் ஒரு கண்ணாடிக் கேடயம் இப்போது எங்கள் வரவேற்பறையில் நிற்கிறது. 'சிறந்த பாதுகாப்புக் கலாச்சாரம்' என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறார்கள்.

"கலாச்சாரத்துக்குன்னா? நீ அங்க டான்ஸ் எதுவும் ஆடுனியா?" என்றார் அம்மா.

ஆடியிருந்தால் இவ்வளவு உறுத்தாது.

2

பாதுகாப்புக் கலாச்சாரம் என்றால் என்ன என்று எங்களுக்கு ஒரு நாள் முழுக்கப் பயிற்சி கொடுத்தார்கள். மேலதிகாரி பார்க்காதபோதும் தொழிலாளி பாதுகாப்பாக வேலை செய்வதுதான் அது என்றார் வகுப்பெடுத்தவர். எனக்கு உடனே அப்பா நினைவுக்கு வந்தார். கணக்கு வாத்தியார். புதுக்கோட்டைக்குப் போகும்போது அவருடைய ஹெல்மெட் வண்டியின் கண்ணாடியில் தொங்கிக்கொண்டு வரும். போலீஸ் நிற்கும் வளைவுக்கு முன்னால் ஒரு புளியமரம். அங்கே வண்டி நிற்கும், ஹெல்மெட் தலைக்கு ஏறும். வளைவைத் தாண்டியதும் மறுபடி கண்ணாடிக்குப் போய்விடும். வண்டியின் கண்ணாடிக்கு எங்கள் வீட்டில் இருந்த பாதுகாப்பு அப்பாவின் தலைக்கு இருந்ததில்லை. இதை நான் வகுப்பில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நம் ஊரைக் காட்டிக் கொடுத்து வெளிநாட்டில் வாங்குகிற சிரிப்பு அது. எனக்கும் அன்று இனிக்கத்தான் செய்தது.

கலாச்சாரத்தை அளக்க ஒரு கருவி உண்டு. நாற்பது கேள்விகள் கொண்ட தாள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். தொழிலாளிகளில் பாதிப் பேர் நம் பக்கத்து ஆட்கள் என்பதால் அதைத் தமிழில் பெயர்க்கும் வேலை எனக்கு வந்தது. 'ஆபத்தைக் கண்டால் வேலையை நிறுத்தும் உரிமை எனக்கு உண்டு என்று நம்புகிறேன்.' 'என் தவறை நான் சொன்னால் என்னைத் தண்டிக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.' இப்படி நாற்பது நம்பிக்கைகள். எங்கள் கோயிலில் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தில்கூட இத்தனை கிடையாது.

தாள்கள் திரும்பி வந்தன. தமிழ்த் தாள்களில் நாற்பதுக்கும் ஐந்து, ஐந்து, ஐந்து.

செல்வம் அண்ணனிடம் கேட்டேன். கந்தர்வக்கோட்டைக்காரர், என்னைவிட மூன்று வயது மூத்தவர், பட்டறையில் தகடு மடிக்கும் இயந்திரத்தில் வேலை. எல்லோர் முன்னாலும் என்னை மேடம் என்பார். ஆள் இல்லாதபோது தங்கச்சி.

"அண்ணே, படிச்சுப் பாத்துத்தான் போட்டீங்களா?"

"கம்பெனிக்கு மார்க் போடச் சொல்றாக. சோறு போடுற எடத்துக்கு மூணு மார்க்கா போடுவாக? ஃபுல் மார்க்தான் மரியாதை."

"மார்க் இல்லண்ணே. மனசுல உள்ளதச் சொல்லணும்."

"மனசுல உள்ளதத்தான் போட்டேன். எனக்கு இங்க வேலை வேணும்."

ஒருவர் மட்டும், யாரென்று சொல்லமாட்டேன், ஏழெட்டுக் கேள்விகளுக்கு இரண்டு போட்டிருந்தார். மேற்பார்வையாளர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய், கேள்வி புரியாமல் போட்டுவிட்டாயா என்று அன்பாகக் கேட்டார். இரண்டு போட்டவருக்கு உடனே புரிந்துவிட்டது; இரண்டெல்லாம் ஐந்தாகின. ஆலோசனை நிறுவனத்திலிருந்து வந்தவர் சராசரியைப் பார்த்துவிட்டு, எங்கள் கலாச்சாரம் முதிர்ச்சியடைந்துவிட்டது என்று அறிக்கை எழுதினார். வரைபடமும் போட்டிருந்தார். நல்ல பச்சை நிறம்.

3

இன்னொரு கருவி அட்டை. விபத்து நடக்காமல் மயிரிழையில் தப்பியதை எழுதிப் பெட்டியில் போட வேண்டும். சின்னத் தப்பல்களைச் சொன்னால் பெரிய விபத்தைத் தடுக்கலாம் என்பது தத்துவம். தத்துவத்தில் குறை இல்லை. ஆனால் மாதத்துக்கு ஆளுக்கு இரண்டு அட்டை கட்டாயம் என்று எங்கள் பட்டறையில் வைத்துவிட்டார்கள்.

கட்டாயப் பாவசங்கீர்த்தனம் எப்படி நடக்கும் என்பது ஆவூர்க்காரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைப்பார்கள். சாமியார் மரச் சன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார். ஏதாவது பாவம் சொல்லியாக வேண்டும். வரிசையில் நிற்கும்போதே பிள்ளைகள் ஒருவருக்கொருவர் பாவத்தை இரவல் கொடுத்துக்கொள்வோம். "நீ பொய் சொன்னேன்னு சொல்லு, நான் தங்கச்சிய அடிச்சேன்னு சொல்றேன்." தங்கச்சியே இல்லாத பிள்ளையும் தங்கச்சியை அடித்திருக்கும். உண்மையில் செய்ததை, அதாவது பக்கத்து வீட்டு முந்திரித் தோப்பில் செய்ததை, ஒருவரும் சொன்னதில்லை.

எங்கள் அட்டைப் பெட்டியும் அப்படித்தான் நிறைந்தது. 'தரையில் தண்ணீர் இருந்தது. துடைத்தேன்.' 'தரையில் தண்ணீர் இருந்தது. எச்சரிக்கைப் பலகை வைத்தேன்.' அத்தனை அட்டைகளையும் நம்பினால் எங்கள் பட்டறை ஒரு குளத்துக்குள் நடப்பதாக நினைக்க வேண்டும். ஒரே கையெழுத்தில் ஆறு பேருடைய அட்டை வந்ததும் உண்டு. நான் அவற்றை எண்ணி, மாதாந்திர அட்டவணையில் ஏற்றி, இலக்கு எட்டப்பட்டது என்று எழுதி அனுப்பினேன்.

நானும் மாதம் இரண்டு அட்டை எழுத வேண்டியவள்தான். செல்வம் அண்ணனுடைய இயந்திரத்தில் இரண்டு பச்சைப் பொத்தான்கள் உண்டு. இரண்டையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேலே உள்ள இரும்புத் தாடை இறங்கித் தகட்டை மடிக்கும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் விரல் தாடைக்குள் போக முடியாது. நல்ல ஏற்பாடு. ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது இடது பொத்தான் அமுங்கிய நிலையில் டேப் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். ஒரு கையால் வேலை வேகமாக நடந்துகொண்டிருந்தது. நான் நின்றேன். செல்வம் அண்ணன் என்னைப் பார்த்தார். மேற்பார்வையாளர் எங்கள் இருவரையும் பார்த்தார். நான் அடுத்த இயந்திரத்துக்கு நடந்தேன்.

அந்த மாதம் என்னுடைய அட்டையிலும் தரையில் தண்ணீர்தான் இருந்தது.

4

ஆன்ரியாவின் பாலர் பள்ளியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. என் மகளுக்கு நான்கு வயது. கொசு கடித்தால் படிவம் வரும். எந்த இடம், எத்தனை மணி, யார் பார்த்தார்கள், என்ன தடவினார்கள். மனித உடலின் படம் ஒன்று அச்சடித்து, அதில் கடித்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. நான் கையெழுத்துப் போட வேண்டும். முதல் வருடம் ஒவ்வொரு படிவத்துக்கும் பயந்து செத்தேன். இரண்டாம் வருடம் படிவம் வராத வாரம் பயமாக இருந்தது. கொசுவே கடிக்கவில்லையா, கடித்ததைக் கவனிக்கவில்லையா?

அம்மாவிடம் சொன்னால் சிரிப்பார். "நீ கெணத்தடியில விழுந்து நெத்தி கிழிஞ்சப்ப எந்தப் படிவம் வந்துச்சு? மஞ்சளும் சுண்ணாம்பும் வச்சு அமுக்குனேன். தழும்புகூட இல்ல."

தழும்பு இருக்கிறது. வகிடு எடுப்பதில் மறைகிறது.

5

எங்கள் பட்டறை வாசலில் ஒரு பலகை. 'விபத்தின்றி … நாட்கள்'. நடுவில் உள்ள எண்ணை நான் தினமும் காலையில் மாற்றுவேன். அது முந்நூற்று நாற்பத்தேழாக இருந்த அன்று, சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன், செல்வம் அண்ணனின் இடது கை தாடைக்குள் போனது. நடுவிரலும் மோதிர விரலும். கையுறையோடு நசுங்கிவிட்டன.

முதலில் அங்கே ஓடி வந்தவர் மேற்பார்வையாளர். முதலில் அவர் செய்தது டேப்பைப் பிய்த்தது. அதற்குப் பிறகுதான் ரத்தத்தைப் பார்த்தார்.

மேலாளர், எல்லோரும் பாஸ் என்று கூப்பிடுகிறவர், அண்ணனைத் தன் சொந்தக் காரில் ஏற்றி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகாமல், தனக்குத் தெரிந்த ஒரு சின்ன கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். தையல் போட்டு, மாத்திரை கொடுத்து, 'இலகுவான வேலை செய்யலாம்' என்று சீட்டு எழுதி வாங்கினார். அந்தச் சீட்டின் அருமை இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அடிபட்டவன் மறுநாள் வேலைக்கு வராவிட்டால்தான் பலகையின் எண் பூஜ்யத்துக்கு இறங்கும். வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால், எங்கள் கணக்கில் அது விபத்து இல்லை, முதலுதவி.

பாஸ் கெட்டவர் இல்லை. சத்தம் போடவில்லை, உத்தரவிடவும் இல்லை. என் மேசைக்கு வந்து, "இதைக் கதவில் விரல் நசுங்கியதாக, முதலுதவி என்று பதியலாமா? நீ என்ன நினைக்கிறாய்?" என்று கருத்துக் கேட்டார். இதையும் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள், ஊழியர்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று. நான் அவர் நினைத்ததையே நினைத்தேன். கையெழுத்தும் போட்டேன்.

போடுவதற்கு முன் செல்வம் அண்ணனிடம் பேசினேன் என்பதைச் சொல்லிக்கொள்கிறேன். சொல்லி என்ன ஆகப்போகிறது என்றும் தெரியவில்லை.

"அண்ணே, உள்ளபடி எழுதுனா பெரிய ஆஸ்பத்திரியில காட்டலாம். வெரல் மடங்காமப் போச்சுன்னா பின்னாடி கேக்க ஒரு காகிதம் இருக்கும்."

"எழுதிராதீங்க தங்கச்சி. அடுத்த மாசம் வேலை பெர்மிட் புதுப்பிக்கணும். கை போனவன்னு எழுதுனா எவன் புதுப்பிப்பான்? டேப்பு ஒட்டுனது நாந்தானே. ஏன் ஒட்டுனேன்னு கேப்பாகளா, ஒட்டுனியான்னு கேப்பாகளா?"

எனக்குப் பதில் தெரிந்திருந்தது.

"புதுக்கோட்டையில லேத்துப் பட்டறையில இருந்தப்ப கட்டை வெரல கிழிச்சுக்கிட்டேன்," என்றார். "ஓனரு செவுட்டுல ஒண்ணு விட்டாரு. அப்பறம் அவரே வண்டியில தூக்கிப் போட்டுக்கிட்டு ராணியார் ஆஸ்பத்திரிக்குப் பறந்தாரு. இங்க யாருமே திட்டல. அதான் பயமா இருக்கு."

மறுநாள் அவருக்கு இலகுவான வேலை வேண்டுமே. என் மேசைக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். இரண்டாம் சுற்று ஆய்வின் தாள்கள் வந்திருந்தன. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, வலது கையின் ஒரு விரலால், எங்கள் பாதுகாப்புக் கலாச்சாரத்தின் மதிப்பெண்களைக் கணினியில் ஏற்றினார். ஐந்து. ஐந்து. ஐந்து.

"சுலபமான வேலைதான் தங்கச்சி. ஒரே பட்டன்தான்," என்றார்.

6

முந்நூற்று அறுபத்தைந்தாம் நாள் கேக் வெட்டினார்கள். அடுத்த வாரம் கேடயம் வந்தது. மேடையில் பாஸ் பேசும்போது என் பெயரையும் சொன்னார். கைதட்டியவர்களில் செல்வம் அண்ணனும் உண்டு. வலது கையால் தொடையில் தட்டினார்.

இதற்குள் நான் வீட்டில் செய்து வைத்திருந்த ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆன்ரியா ஓடும்போதெல்லாம் விழுகிறாள். அவள் ஓடினாலே நானும் பின்னால் ஓடுவேன். பலகை நன்றாக வேலை செய்கிறதே என்று குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு அட்டவணை ஒட்டினேன். அடிபடாத நாளுக்கு ஒரு நட்சத்திரம். ஏழு நட்சத்திரம் சேர்ந்தால் நீச்சல் குளம். என் கணவர் அருள், "புள்ளைக்குமா?" என்றார். நான் கேட்கவில்லை. நட்சத்திரங்கள் சேர்ந்தன. எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த வாரம் அவள் தினமும் முழுக்கைச் சட்டைதான் வேண்டும், தானேதான் குளிப்பேன் என்றாள். வீட்டில் குளிர்சாதனம் அதிகமோ என்று குறைத்து வைத்தேன்.

ஞாயிறு மாலை குளிப்பாட்டும்போது முழங்கைக்கு உள்பக்கம் பார்த்தேன். சூடு பட்ட கொப்புளம் உடைந்து, சுற்றிலும் சிவந்து, சீழ் கோத்திருந்தது.

"இது என்னடா? எப்போ?"

"அன்னைக்கு. ஐயர்ன் பாக்ஸ்."

"ஏன் அம்மாகிட்ட சொல்லல?"

அவளுக்குத் தமிழில் சொல் வரவில்லை. ஆங்கிலத்தில் தொடங்கி, பிறகு எனக்காகத் தமிழில் சொன்னாள். "சொன்னா ஸ்டார் போயிடும். அம்மா, நீ ஸேட் ஆயிடுவ."

இந்த நாட்டில் அவள் தமிழை மறந்துவிடுவாள், நம்மிடமிருந்து விலகிப் போய்விடுவாள் என்று நான் பயந்த பயமெல்லாம் அந்தக் குளியலறையில் அசட்டுத்தனமாகத் தெரிந்தது. பிள்ளையைத் தள்ளி நிறுத்தியது மொழி இல்லை. அரை அடி தூரத்தில் நின்று, தினமும் காலையில் எண்ணிக்கொண்டிருந்த நான்தான்.

மருத்துவரிடம் காட்டிவிட்டு வந்து அட்டவணையைக் கிழித்தேன். அவள் அழுதாள். ஆறு நட்சத்திரம் இருந்ததாம்.

திங்கட்கிழமை பாஸ் அறைக்குப் போனேன். பழைய பதிவைத் திருத்தி, இயந்திரத்தில் நடந்த விபத்து என்று மனிதவள அமைச்சகத்துக்கு அனுப்பப் போகிறேன் என்றேன். இதை நான் துணிச்சலாகச் சொன்னேன் என்று நினைத்துவிட வேண்டாம். மூன்று முறை கதவு வரை போய்த் திரும்பினேன். அருளிடம் கேட்டதற்கு, "வேலை போனாப் போகட்டும். ஆனா ஒரு தடவ யோசிச்சுக்க," என்றிருந்தார். இரண்டும் சேர்ந்த அறிவுரையை வைத்துக்கொண்டு மனிதர் என்ன செய்வது?

பாஸ் கோப்பைத் திறந்து பழைய படிவத்தை வெளியே எடுத்தார். "முதல் படிவத்தில் இருப்பது உன் கையெழுத்து," என்றார்.

"ஆமாம். அதையும் எழுதியிருக்கிறேன்."

அமைச்சகத்திலிருந்து ஒருவர் வந்தார். இயந்திரத்தை நிறுத்தினார். நிறுவனத்துக்கு ஒரு கடிதம், எனக்கு ஒரு கடிதம். என்னுடையது எச்சரிக்கை, கோப்பில் இருக்கும். பாஸ் தானே போய்ப் பலகையில் பூஜ்யம் போட்டார். கேடயத்தை என்ன செய்வது என்று சங்கத்துக்கு நான் எழுதிக் கேட்டேன். வாங்குவதற்குத்தான் விண்ணப்பம் இருக்கிறதாம். திருப்பிக் கொடுப்பதற்குப் படிவம் இல்லையாம். அதனால் அது அங்கேயே நிற்கிறது. வாரம் ஒருமுறை துடைக்கிறார்கள்.

வந்த அதிகாரி, ஏன் டேப் ஒட்டினீர்கள் என்று கேட்டார். ஒட்டினாயா என்று கேட்கவில்லை. ஏன் என்று கேட்டார். செல்வம் அண்ணன் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்: சின்னத் துண்டுகளை ஒரு கையால் பிடிக்காவிட்டால் மடிப்பு கோணிப்போகும், கோணினால் திருப்பி அனுப்புவார்கள். தகட்டைப் பிடித்துக்கொள்ள ஒரு காந்தப் பிடி இருந்தால் டேப்பே வேண்டாம். சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மறுவாரம் காந்தப் பிடி வந்தது. நாற்பது கேள்விகளில் அந்த ஒரு கேள்வி இல்லை. மொழிபெயர்த்தவள் நான், எனக்குத் தெரியும்.

7

பதினைந்து நாள் செல்வம் அண்ணன் என்னிடம் பேசவில்லை. தங்கச்சி போய், ஆள் இல்லாதபோதும் மேடம் ஆகிவிட்டேன். பெர்மிட் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. கை எவ்வளவு தேறும் என்று முடிவானால்தான் அதுவும் முடிவாகும்.

நேற்று பெரிய ஆஸ்பத்திரியில் அவருடைய முறை. துணைக்குப் போய் மொழிபெயர்ப்பது என் வேலை. விரலை மடக்கும் தசைநாரைப் படம் எடுத்துப் பார்த்த மருத்துவர், முதல் வாரமே வந்திருந்தால் நேராகத் தைத்திருக்கலாம், இப்போது வேறு இடத்திலிருந்து எடுத்து ஒட்ட வேண்டியிருக்கும், முழுதாக மடங்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். இதை நான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு சொல்லையும் மென்மையாக்காமல் சொன்னேன். முதல் வாரம் என்ற இடத்தை மட்டும் இரண்டு முறை சொன்னேன்.

அவர் கையைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

"நான் எழுத வேணாம்னு சொன்னேன்தான்," என்றார் கடைசியில். "நீங்க படிச்சவக. எழுதியிருக்கலாம்ல."

"எழுதியிருக்கணும்ணே."

அடுத்த அறையில் கைக்குப் பயிற்சி கொடுக்கும் பெண் காத்திருந்தாள். சின்ன வயது, சிரித்த முகம். விரல்களை மடக்கச் சொன்னாள். மூன்று மடங்கின. நடுவிரலும் மோதிர விரலும் பாதியில் நின்று நடுங்கின. அவள் பேனாவை எடுத்துக்கொண்டு, வலி எவ்வளவு, பூஜ்யம் முதல் பத்துக்குள் ஒரு எண் சொல்லச் சொல்லுங்கள் என்றாள்.

நான் கேட்டேன். நெற்றி முழுக்க வியர்த்திருந்தது அவருக்கு.

"பூஜ்யம்னு சொல்லுங்க."

நான் சொல்லவில்லை. அந்தப் பெண் பேனாவோடு என்னைப் பார்த்தாள். செல்வம் அண்ணன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவளுக்குத் தமிழ் தெரிந்துவிடப் போகிறது என்பதுபோலக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏந் தங்கச்சி, எத்தனைன்னு சொன்னா ஊருக்கு அனுப்ப மாட்டாக?"

"தெரியலண்ணே. எவ்வளவு வலிக்குதோ அதச் சொல்லுங்க."

அவர் மடங்காத விரல்களை இன்னொருமுறை மடக்கிப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"எட்டு," என்றார்.

நான் அதைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள்.